தாய்க்கோழி மந்தையும் சேவல் கணக்கும்

நாட்டுக்கோழி வைத்திருப்பவர்களிடம் மூன்றாம் வருடத்தில் தவறாமல் ஒரு புலம்பல் வரும். "முதல்ல நூறு வச்சா எழுபத்தஞ்சு, எண்பது பொரிச்சுது. இப்ப அம்பதைத் தாண்டல. பொரிச்சதும் நோஞ்சானா இருக்கு." உடனே பழி இன்குபேட்டர் மேல் விழும். புதுப் பெட்டி வாங்குவார்கள், தீவனத்தை மாற்றுவார்கள், டானிக் ஊற்றுவார்கள். கொட்டகைக்குள் போய் எத்தனை சேவல் நிற்கிறது, அது யாருடைய பிள்ளை என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். முக்கால்வாசி நேரம் கோளாறு இருப்பது அங்கேதான்.

கறிக்கு வளர்க்கும் கோழியில் ஒரு தப்பு நடந்தால் அந்தக் கோழியோடு போய்விடும். குஞ்சு எடுக்க வைத்திருக்கும் தாய்க்கோழியில் நடந்த தப்பு குஞ்சுக்குப் போகும், அங்கிருந்து அதன் குஞ்சுக்கும் போகும். ஆகவே முப்பது உருப்படி உள்ள சின்ன மந்தைக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும் சில கம்பித் தடுப்பும் வேண்டும். கீழே சொல்வதெல்லாம் சின்ன உடம்பு நாட்டுக்கோழியான சிறுவிடையை மனதில் வைத்துத்தான். பெருவிடைக்கு மாறும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

ஒரு சேவல் ஏன் போதாது

பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது முட்டை கருக்கூடுவதற்குப் போதுமான கணக்கு. பெருவிடை போன்ற கனத்த உடம்புக்கு ஐந்தாறு பெட்டைக்கு ஒன்று. இதில் யாரும் தவறுவதில்லை. ஆனால் கரு கூடுவது ஒன்று, மந்தை தலைமுறை தாண்டி நிற்பது வேறு.

ஒரு சேவல், பத்துப் பெட்டை, வெளியிலிருந்து எதுவும் வராமல் அதன் பிள்ளைகளையே அடுத்த தாய்மந்தையாக வைத்துக்கொள்கிறீர்கள் என்று வைப்போம். எல்லாக் குஞ்சுக்கும் அப்பன் ஒன்றுதான். அடுத்த வருடம் அண்ணன் தங்கைக்குள்ளேயே இணை சேரும். அம்மா வேறானாலும் அப்பன் ஒன்றாக இருப்பதால், பிறக்கும் குஞ்சில் உள்ளினக் கலப்பு, அதாவது நெருங்கிய சொந்தத்துக்குள் சேர்ந்ததன் அளவு, 12.5 சதவீதம். பழைய சேவலையே அதன் மகள்கள்மேல் விட்டால் 25 சதவீதம். தலைமுறைக்குத் தலைமுறை இது கூடும் வேகத்தைக் கணக்கிட எளிய சூத்திரம் உண்டு: 1-ஐ சேவல் எண்ணிக்கையின் எட்டு மடங்கால் வகுத்து, அதோடு 1-ஐ பெட்டை எண்ணிக்கையின் எட்டு மடங்கால் வகுத்ததைக் கூட்ட வேண்டும். 1 சேவல், 10 பெட்டைக்கு 13.75 சதவீதம் வரும். பெட்டையை 30 ஆக்கினாலும் 12.9-க்குத்தான் இறங்கும். மாறாக 3 சேவல், 24 பெட்டை என்றால் 4.7 சதவீதம். பெட்டையைக் கூட்டிப் பயனில்லை, சேவலைக் கூட்ட வேண்டும். இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பராமரிப்புதான்.

உள்ளினக் கலப்பு ஏறினால் நோய்போல முகத்தில் தெரியாது. முதலில் பொரிப்பு குறையும், பிறகு முதல் மூன்று வாரத்துச் சாவு கூடும், பிறகு முட்டை குறையும். எல்லாம் மெல்ல நடப்பதால்தான் பழி இன்குபேட்டருக்குப் போகிறது.

மூன்று அறை முறை

முப்பது கோழிக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். மூன்று அறை, அறைக்கு 8 பெட்டை, 1 சேவல், அந்தச் சேவலின் தம்பி ஒன்று கையிருப்பாகப் பக்கத்துக் கூண்டில். ஆக 24 பெட்டை, 6 சேவல். தொடக்கத்தில் மூன்று அறைக்கும் மூன்று வெவ்வேறு ஊரிலிருந்து கோழி எடுங்கள். ஒரே பண்ணையில் வாங்கி மூன்றாகப் பிரித்தால் மூன்று அறை கட்டியதற்கு அர்த்தமில்லை.

விதி ஒன்றே ஒன்று: பெட்டைக்குஞ்சு பிறந்த அறையிலேயே தங்கும், சேவல்குஞ்சு அடுத்த அறைக்குப் போகும். ஒன்றாம் அறைச் சேவல் இரண்டுக்கு, இரண்டாம் அறைச் சேவல் மூன்றுக்கு, மூன்றாவது திரும்ப ஒன்றுக்கு. நம் வீட்டுக் கல்யாணத்தைத் தலைகீழாக்கியது போல, இங்கே மாப்பிள்ளைதான் புகுந்த வீடு போகிறான். இப்படிச் செய்தால் முதல் இரண்டு தலைமுறைக்குச் சொந்தத்துக்குள் இணை சேராது. மூன்றாம் தலைமுறையில்தான் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் அளவு உறவு வரும். அப்போதும் குஞ்சில் 3 முதல் 6 சதவீதம்தான். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை ஒரு அறைக்கு மட்டும் வெளிச் சேவல் கொண்டுவந்தால் போதும்.

கையிருப்புத் தம்பியை எதற்கு வைக்கிறோம்? சேவல் ஒன்று செத்தால் அந்த வருட வேலை நின்றுவிடக் கூடாது என்பது முதல் காரணம். இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு சேவலுக்கும் பிடித்த பெட்டை, பிடிக்காத பெட்டை என்று இருக்கும். பிடித்ததன் முதுகில் இறகே இருக்காது, பிடிக்காததன் முட்டையெல்லாம் கூமுட்டையாகும். மூன்று நாளுக்கு ஒருமுறை அண்ணனை எடுத்துத் தம்பியை விட்டால் இது சரியாகும். இருவரும் ஒரே அறையில் பிறந்தவர்கள் என்பதால் வம்சக் கணக்கும் கெடாது. இரண்டையும் ஒன்றாக விடாதீர்கள். ஒன்று மிதிக்கப் போகும்போது இன்னொன்று இடித்துத் தள்ளும், இரண்டும் உருப்படியாக இணை சேராது.

அறை மாற்றும்போது மறக்கக்கூடாதது மூன்று வாரம். பெட்டையின் முட்டைக்குழாயில் விந்தணுவைச் சேமிக்கும் நுண்ணிய மடிப்புகள் உண்டு. சேவலை எடுத்துவிட்ட பின்னும் பத்து, பதினான்கு நாள்வரை கருமுட்டை வரும், சிலதில் மூன்று வாரம்வரை வரும். புதுச் சேவலை விட்டு 21 நாள் கழித்த முட்டையைத்தான் அந்தச் சேவலின் பெயரில் எழுத வேண்டும். அதற்கு முந்தியதைக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.

குஞ்சு எந்த அறையில் பிறந்தது என்பதற்கு அடையாளம் வேண்டும். பிளாஸ்டிக் கால் வளையம் குஞ்சு வளர வளர இறுகும். கவனிக்காமல் விட்டால் காலில் வெட்டி இறங்கும். பொரித்த அன்றே விரலிடைச் சவ்வில் சின்னத் துளை போடுவது மேல். அதற்கென்று சின்னத் துளைப்பான் கிடைக்கிறது. ஒரு காலுக்கு இரண்டு சவ்வு, இரண்டு காலுக்கு நான்கு. துளை உண்டு, இல்லை என்று மாற்றி மாற்றி வைத்தால் 16 வகை அடையாளம் கிடைக்கும். மூன்று அறையும் நான்கைந்து வருடமும் அதற்குள் அடங்கிவிடும். துளை மிகச் சிறியதாக இருந்தால் தூர்ந்துபோகும், மூன்றாம் வாரத்தில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது

வருடத்துக்குப் பாதிப் பெட்டையை மாற்றுவது நல்ல வேகம். அதாவது 12 பெட்டை, 6 சேவல். இதற்கு நூறு குஞ்சாவது பொரிக்க வேண்டும். அப்போதுதான் தேர்ந்தெடுக்க இடமிருக்கும். இருபது குஞ்சு பொரித்து அதில் பிழைத்ததையெல்லாம் மந்தையில் வைத்துக்கொண்டால் அதற்குத் தேர்வு என்று பெயரில்லை.

8-ஆம் வாரம், 12-ஆம் வாரம் எடை போடுங்கள். எடை போட்டதும் கொழுகொழுவென்று இருப்பதையே எல்லா அறைக்கும் எடுக்கக் கை போகும். அடக்குங்கள். ஒவ்வொரு அறையிலிருந்தும் அந்த அறையின் நல்ல இரண்டு சேவல், நல்ல நான்கு பெட்டை என்றே எடுக்க வேண்டும். ஒரே அறையின் பிள்ளைகள் மந்தை முழுவதும் பரவினால் மூன்று அறை முறை கெட்டுவிடும். சேவலில் கால் நேராக, விரல் கோணாமல், நெஞ்செலும்பு வளையாமல், கண் தெளிவாக இருக்க வேண்டும். நொண்டும் சேவலால் பெட்டை மேல் நிலைகொள்ள முடியாது. கால் முள் நீண்டு வளர்ந்திருந்தால் நுனியை மழுக்கிவிடுங்கள், பெட்டையின் விலாவைக் கிழிப்பது அதுதான்.

கழுத்தில் இறகில்லாத கழுத்தறுப்பான் கோழி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கழுத்து முழுக்க மொட்டையாக இருப்பது இரட்டை மரபணு உள்ளது. முன்கழுத்தில் சின்னக் குஞ்சம் இருப்பது ஒற்றை மரபணு உள்ளது. குஞ்சம் உள்ள இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒரு குஞ்சு சாதாரணக் கழுத்தோடு பிறப்பது இயல்பு. கலப்படம் என்று விற்றவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

அடை உட்காரும் குணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்குபேட்டர் வந்தபிறகு அடிக்கடி அடை உட்காரும் பெட்டையைத் தொந்தரவாக நினைத்துக் கழிக்கிறார்கள். முட்டை கூடும், சரிதான். ஆனால் பருந்து நிழலைக் கண்டதும் குஞ்சைச் சிறகுக்குள் இழுத்துக்கொள்ளும் கோழி நாலு தலைமுறையில் உங்கள் மந்தையில் இருக்காது. அறைக்கு இரண்டு நல்ல அடைக்கோழியாவது நிறுத்திவையுங்கள்.

தீவனம்: பொரிப்பு கெடும் இன்னொரு இடம்

மேய்ச்சலில் திரியும் தாய்க்கோழிக்கு அரிசியும் கம்பும் மட்டும் போட்டால் முட்டை வரும், குஞ்சு வராது. முட்டைக்குள் இருக்கும் சத்துதான் குஞ்சின் 21 நாள் சாப்பாடு. 100 கிலோ கலவைக்கு ஒரு கணக்கு: உடைத்த மக்காச்சோளம் 54 கிலோ, சோயாப் புண்ணாக்கு 17, அரிசித் தவிடு 20, உப்பில்லாக் கருவாட்டுத்தூள் 6, தாது உப்புக் கலவை 2.5, வைட்டமின் கலவையும் சமையல் உப்பும் சேர்த்து அரைக் கிலோ. புரதம் ஏறத்தாழ 17 சதவீதம் நிற்கும். கருவாடு உப்புப் போட்டதாக இருந்தால் தனி உப்பு வேண்டாம், எச்சம் தண்ணீராகப் போகும். சோயாவுக்குப் பதில் கடலைப் புண்ணாக்கு மலிவு என்று முழுதாக மாற்றாதீர்கள். ஈரம்பட்ட கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு ஏறும். அது ஈரலைக் கெடுத்து, முட்டையையும் பொரிப்பையும் சேர்த்துக் குறைக்கும்.

கிளிஞ்சலை இந்தக் கலவையில் கலக்காமல் தனித் தட்டில் வையுங்கள். முட்டையிடும் பெட்டைக்குத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3 முதல் 3.5 சதவீதம் வேண்டும், சேவலுக்கு 1 சதவீதம் தாண்டத் தேவையில்லை. தனியாக வைத்தால் வேண்டியது வேண்டிய அளவு கொத்தும். அடைத்து வளர்த்தால் சிறுவிடைப் பெட்டைக்கு நாளுக்கு 80 கிராம், பெருவிடைக்கு 110, 120. மேய்ச்சல் நன்றாக இருந்தால் பாதி போதும்.

வைட்டமின் கலவையில் மிச்சம் பிடிக்காதீர்கள். பி2 குறைந்தால் கரு இரண்டாம் வாரத்தில் சாகும், பிழைத்து வரும் குஞ்சுக்குக் கால்விரல் உள்ளே சுருண்டிருக்கும். முருங்கைக்கீரை, குதிரைமசால், அசோலா எது கிடைத்தாலும் தினம் ஒரு கை போடுங்கள். முட்டை சேகரிக்கத் தொடங்கும் நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே இந்தத் தீவனத்துக்கு மாற்றியிருக்க வேண்டும்.

முட்டை எடுப்பதும் வைப்பதும்

முதன்முறை முட்டையிடும் இளம்பெட்டையான விடைக்கோழியின் முதல் சுற்று முட்டையை அடைக்கு வைக்க வேண்டாம். சின்ன முட்டையில் சின்னக் குஞ்சுதான் வரும், கருவும் சரியாகக் கூடியிருக்காது. நாலைந்து பெட்டைக்கு ஒரு முட்டைப்பெட்டி, ஓரடிக்கு ஓரடி, சற்று இருட்டான மூலையில், வைக்கோல் போட்டு வையுங்கள். காலையில் இரண்டு தடவை, மதியம் ஒரு தடவை முட்டையை எடுத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் மதியம்வரை பெட்டியில் கிடந்த முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பிறகு நின்று சாகும்.

முட்டையைச் சேமிக்க நல்ல வெப்பம் 13 முதல் 18 டிகிரி. 21 டிகிரிக்கு மேல் போனால் கரு மெல்ல விழிக்க ஆரம்பிக்கும். நம் ஊர் வீட்டறை பெரும்பாலும் அதைத் தாண்டித்தான் இருக்கும். ஈரமணலில் பாதி புதைத்த மண்பானைக்குள் உமி போட்டு, கூர்முனை கீழாக முட்டையை வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டுவது பழைய வழி. வெளியைவிட நாலைந்து டிகிரி குளிர்ச்சி கிடைக்கும். ஃப்ரிட்ஜ் வேண்டாம், 4 டிகிரி கருவுக்கு அதிகக் குளிர். கோடையில் ஐந்து நாள், மார்கழியில் ஏழு நாள் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாளுக்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிப்பு இறங்கும், பொரிக்கும் நேரமும் தள்ளிப்போகும்.

எச்சம் ஒட்டிய முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சுதான் கிருமியைத் தடுக்கிறது. தண்ணீர் பட்டால் அது போய்விடும், அழுக்கும் துளை வழியாக உள்ளே இழுக்கப்படும். லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடைக்கலாம், அதிகம் என்றால் சமையலுக்கு. பைக்கில் கொண்டுவந்த முட்டையை அரைநாளாவது அசையாமல் வைத்த பிறகே பெட்டியில் அடுக்குங்கள்.

கரு கூடியிருக்கிறதா என்று பார்க்க அடைவைத்த ஏழாம் நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சேவலை விட்ட இரண்டாம் வாரம் சமையலுக்கு உடைக்கும் முட்டையைத் தட்டில் ஊற்றி மஞ்சள் கருவின் மேல் பாருங்கள். ஓரம் சிதைந்த கெட்டி வெள்ளைப் புள்ளி என்றால் கரு இல்லை. நடுவே தெளிந்து, சுற்றி வளையம் போட்டு, 3, 4 மில்லிமீட்டர் வட்டமாக இருந்தால் கரு உண்டு. பத்து முட்டை உடைத்தால் சேவலின் லட்சணம் தெரிந்துவிடும். (கடையில் வாங்கிய நாமக்கல் வெள்ளை முட்டையை இன்குபேட்டரில் வைத்தால் பொரிக்குமா என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. அந்தக் கொட்டகையில் சேவலே கிடையாது.)

அடைக்கோழியா, இன்குபேட்டரா

பத்து, பன்னிரண்டு முட்டைக்கு அடைக்கோழியை மிஞ்சியது இல்லை. வைக்குமுன் பேனும் செல்லுப்பூச்சியும் இருக்கிறதா என்று சிறகைத் தூக்கிப் பாருங்கள். அரிப்புத் தாங்காமல் பாதியில் எழுந்துபோகும் கோழிக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கூடையில் அடுப்புச் சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் போட்டு, அதன்மேல் வைக்கோல் பரப்பி, இருட்டியபிறகு எல்லா முட்டையையும் ஒரே தடவையில் வையுங்கள். தினம் ஒருமுறை இறக்கித் தீவனம், தண்ணீர் காட்டி, எச்சம் போட்டதும் அதுவே ஏறிவிடும். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க இரும்புத் துண்டும் கரித்துண்டும் வைக்கும் வழக்கம் உண்டு. வைத்தால் நஷ்டமில்லை, ஆனால் இடியால் எந்த முட்டையும் கூமுட்டை ஆவதில்லை. அது முதல் நாளே கூமுட்டைதான்.

அடையைக் கலைக்க மூக்கில் இறகு செருகுவதையும் தண்ணீரில் முக்குவதையும் விட்டுவிடுங்கள். கம்பித் தளம் உள்ள கூண்டில், அடியில் காற்றோடும்படி உயரத்தில், தீவனம் தண்ணீரோடு மூன்று நான்கு நாள் வைத்தால் வயிற்றுச் சூடு தணிந்து அடை கலையும்.

அதற்கு மேல் முட்டை சேர்ந்தால் இன்குபேட்டர். காற்றாடி உள்ள பெட்டிக்கு 37.5 முதல் 37.7 டிகிரி. காற்றாடி இல்லாத தெர்மாகோல் பெட்டிக்கு முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 டிகிரி அளவு. வீட்டில் செய்யும் பெட்டியில் எல்லாரும் போடுவது சூட்டைக் கட்டுப்படுத்தும் டபிள்யூ 1209 போர்டு. அதில் கவனிக்க மூன்று இடம் உண்டு. பி0-வில் குளிரூட்டும் முறை இருந்தால் சூடாக்கும் முறைக்கு மாற்றுங்கள். பி1, அதாவது எத்தனை டிகிரி இறங்கியபின் பல்பு திரும்ப எரிய வேண்டும் என்பது, வாங்கும்போது 2 டிகிரி என்று இருக்கும். 37.7-க்கும் 35.7-க்கும் இடையே ஊஞ்சலாடும் பெட்டியில் குஞ்சு எப்படி வரும்? 0.2 ஆக்குங்கள். பி4-ல் சென்சாரின் பிழையைத் திருத்தலாம். பிழை எவ்வளவு என்று பார்க்கக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் போதும், இந்த 37, 38 டிகிரிக்காகவே செய்யப்பட்டது அது. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒப்பிடுங்கள்.

ஈரப்பதமானியையும் நம்பிவிடாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டுச் சேறாகும் அளவு தண்ணீர் விட்டு, ஈரப்பதமானியோடு காற்றுப் புகாத பைக்குள் எட்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் அது 7 குறைத்துக் காட்டும் கருவி, அவ்வளவுதான். முதல் 18 நாள் 50, 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65, 70. ஆனால் எண்ணைவிட நம்பகமானது சமையலறைத் தராசு. 40 கிராம் முட்டை பத்தைச் சேர்த்து நிறுத்தால் 400 கிராம். ஏழாம் நாள் 380 அளவும், 18-ஆம் நாள் 350 அளவும் வர வேண்டும். 18-ஆம் நாள் 370 நின்றால் உள்ளே ஈரம் அதிகம், தண்ணீர்த் தட்டை முன்பே எடுத்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கடலோர ஊர்களில் பெட்டிக்குள் தண்ணீரே வைக்க வேண்டியிருக்காது. பங்குனியில் ஈரோட்டில் இரண்டு தட்டு வைத்தாலும் போதாமல் போகலாம்.

18-ஆம் நாள்வரை நாளுக்கு மூன்று அல்லது ஐந்து தடவை திருப்புங்கள். ஒற்றைப்படை எதற்கென்றால், நீண்ட இரவு ஒரே பக்கமாகத் தினமும் அமையாமல் இருக்க. 18-க்குப் பின் திருப்பவும் கூடாது, மூடியைத் திறக்கவும் கூடாது. கரண்ட் போனால் பெட்டியைத் திறக்காமல் போர்வை போட்டு மூடுங்கள், காற்றுத் துளையை மட்டும் அடைக்காதீர்கள். கரு குளிரைச் சில மணி நேரம் தாங்கும், சூட்டைத் தாங்காது. 40 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரம் போனாலே மொத்தமும் காலி.

பொரிக்காத முட்டையை உடையுங்கள்

இதைச் செய்யாமல் குப்பையில் கொட்டுவதுதான் பெரிய நஷ்டம். பொரிப்பு முடிந்தபின் மிஞ்சிய ஒவ்வொரு முட்டையையும் வெட்டவெளியில் உடைத்து, எந்த வயதில் செத்தது என்று அறைவாரியாக நோட்டில் எழுதுங்கள். நாற்றம் பொறுக்க வேண்டும், வேறு வழியில்லை.

கரு கூடாத தெளிந்த முட்டை அதிகம் என்றால் சேவல் பக்கம் போங்கள். வயது, கால், பெட்டை எண்ணிக்கை, கத்திரி வெயில் எல்லாவற்றையும் பாருங்கள். மே மாதச் சூட்டில் நல்ல சேவலின் விந்தும் நீர்த்துப்போகும். ஒரே அறையில் மட்டும் தெளிந்த முட்டை என்றால் அந்தச் சேவல்தான், சந்தேகமே வேண்டாம். மூன்று அறையிலும் என்றால் வெயில் அல்லது தீவனம்.

ரத்த வளையம் போட்டு முதல் வாரத்தில் செத்திருந்தால் முட்டை பழையது, சூட்டில் சேமித்தது, அல்லது வண்டியில் குலுங்கியது. நடு வாரத்தில் சாவு இயல்பாகவே குறைவு. அங்கே கூடினால் தாய்க்கோழியின் வைட்டமினைப் பாருங்கள். கறுத்து நாறினால் கிருமி, அழுக்கு முட்டை வைத்திருக்கிறீர்கள்.

முழுக் குஞ்சாக வளர்ந்து, ஓடு உடைக்காமல், உடம்பு ஊதி ஈரமாகச் செத்திருந்தால் 18 நாளும் ஈரப்பதம் அதிகம். தலை கூர்முனைப் பக்கம் இருந்தால் முட்டையைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். ஓட்டில் ஓட்டை போட்டபின் சவ்வு காய்ந்து ஒட்டிச் செத்திருந்தால், பார்க்கும் ஆசையில் யாரோ மூடியைத் திறந்திருக்கிறார்கள். 19-ஆம் நாளே அவசரமாகப் பொரித்து தொப்புள் மூடாமல் இருந்தால் சூடு அதிகம். 22, 23 வரை இழுத்தால் சூடு குறைவு.

மூன்று சுற்று இப்படி எழுதினால், முதல் பத்தியில் சொன்ன புலம்பலுக்கு உங்கள் நோட்டிலேயே பதில் இருக்கும். சூடு, ஈரம், சேமிப்பு எல்லாம் சரியாக இருந்தும் பல வயதுகளிலும் சாவு சிதறிக் கிடந்து, வருடா வருடம் கூடிக்கொண்டே போனால் அதுதான் உள்ளினக் கலப்பின் கையெழுத்து.

குஞ்சும் நோயும்

குஞ்சு காய்ந்தபிறகு எடுத்தால் போதும். உடம்புக்குள் இழுத்த மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும். குஞ்சு இருக்கும் இடத்தில் முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரம் 3 டிகிரி குறைவு. குஞ்சுக்கு 2 வாட் என்று பல்பு கணக்கு. ஆனாலும் எண்ணைவிடக் குஞ்சைப் பாருங்கள். பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாய் திறந்தால் சூடு. வழவழப்பான செய்தித்தாள் மட்டும் விரித்தால் கால் இரண்டும் அகன்று முடமாகும், மேலே சாக்கோ சொரசொரப்பான துணியோ போடுங்கள்.

முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும் நோய் இரண்டைத் தாய்மந்தை வைத்திருப்பவர் மறக்கக் கூடாது: குஞ்சுகளின் வெள்ளைப் பேதியான புல்லோரம், மூச்சு இரைக்கும் மைக்கோபிளாஸ்மா. குஞ்சைச் சிகிச்சை செய்து பயனில்லை, தாயைக் கழிக்க வேண்டும். புல்லோரத்துக்கு ஒரு சொட்டு ரத்தத்தை வண்ண ஆன்டிஜனோடு தட்டில் கலந்து பார்க்கும் சோதனை உண்டு. கால்நடை மருத்துவரிடம் கேட்டு வருடம் ஒருமுறை எல்லாத் தாய்க்கோழிக்கும் செய்யுங்கள்.

வெள்ளைக்கழிச்சலுக்கு (கோழிக்கழிச்சல், ராணிக்கெட் என்பதும் இதுதான்) ஏழாம் நாள் எஃப் அல்லது லசோட்டா தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு, நான்காம் வாரம் மறுபடி லசோட்டா, எட்டாம் வாரம் ஆர்2பி ஊசி அரை மில்லி. இடையில் 14-ஆம் நாள் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து, ஆறாம் வாரம் அம்மைத் தடுப்பூசி. ஆர்2பி வீரியமானது. எட்டு வாரத்துக்குக் கீழே போட்டால் சில குஞ்சுக்குக் கால் இழுத்துக்கொள்ளும், முட்டையிடும் பெட்டைக்குப் போட்டால் முட்டை நிற்கும். ஆகவே விடைக்கோழி முட்டையிடுமுன் இரண்டாவது ஊசியை முடித்துவிட்டு, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடிநீரில் லசோட்டா கொடுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் கூடாது, லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்தால் மருந்து தாங்கும். ஐஸ் இல்லாமல் வாங்கிவந்த மருந்தைப் போடுவதும் போடாததும் ஒன்று. பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் முகாமை விட்டுவிடாதீர்கள், செலவு கிடையாது.

புதிதாக வாங்கிய சேவலை நேராக அறையில் விட வேண்டாம். நாலு வாரம் தனிக் கூண்டு, மற்றதற்கெல்லாம் போட்டபின் கடைசியாகத் தீவனம், அங்கே போக உங்களுக்குத் தனிச் செருப்பு. சந்தைக்குக் கொண்டுபோய் விலை படியாமல் திரும்பி வந்த உங்கள் சொந்தக் கோழிக்கும் இதே சட்டம்தான். அது ஒருநாள் முழுக்க எத்தனை ஊர்க் கோழியோடு மூச்சு விட்டது என்று யாருக்குத் தெரியும். என்னைக் கேட்டால், சந்தைக்குப் போனது என்ன விலைக்காவது விற்றுவிட வேண்டும், அதே பஞ்சாரத்துக்கு அது திரும்பக் கூடாது.